அடித்துவிட்ட வரி

வாக்குப்பதிவுக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது. அதற்குள் முதல்வர் பொன்னுரங்கம் இரண்டு கோடிப் பேருக்கு மேல் தொலைபேசியில் பேசி முடித்திருந்தார். பதிவு செய்து எல்லோருக்கும் ஒன்றுபோல ஒலிக்கவிடும் பழைய பிரச்சார அழைப்பு அல்ல அது. ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, சொல்வதைக் கேட்டு, நடுவே கேள்வி கேட்டு, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துப் பேசுகிற பேச்சு. ஒரே நேரத்தில் நாற்பதாயிரம் வீடுகளில் அவர் பேசிக்கொண்டிருந்தார். அவரைப் போலவே பேசும் அந்த இயந்திரத்துக்குக் கட்சிக் காகிதங்களில் 'துணைக்குரல்' என்று பெயர். சனங்கள் வெறுமனே 'குரல்' என்றார்கள். எதிர்க்கட்சித் தலைவருக்கும் ஒன்று இருந்தது. அது கொஞ்சம் மலிவான சரக்கு, கேட்பவர் இருமினால் திக்கி நின்றுவிடும் என்று செய்தியாளர்கள் கேலி பேசினார்கள்.

முதல்வரின் பத்திரிகைச் செயலாளர் மங்கையர்க்கரசிக்கு ஆரம்பத்தில் இந்த ஏற்பாடு நிம்மதியாகத்தான் இருந்தது. ஐம்பது வயதை நெருங்கும் பெண். திருச்சியில் ஒரு நாளிதழில் நிருபராக இருந்தவள், பதினோரு வருடத்துக்கு முன் முதல்வர் அலுவலகத்துக்கு வந்தாள். அன்றிலிருந்து அவர் பேரில் வெளியான அறிக்கை, இரங்கல், வாழ்த்து, மறுப்பு எல்லாம் அவள் எழுதியவை. கணக்குப் பார்த்தால் நாலாயிரத்துக்கு மேல் வரும். இப்போது பாதி வேலையைக் குரல் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் அது சொன்னதற்கெல்லாம் பதில் சொல்லும் வேலை அவள் தலையில் விழுந்தது. நாள் முழுக்க நின்ற கால்களின் வீக்கம் வடிவதற்குள் அடுத்த நாள் விடிந்துவிடும்.

அன்று காலைச் செய்தியாளர் சந்திப்பில் கடைசி வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, தன் கைபேசியை ஒலிவாங்கி அருகே பிடித்தார். முதல்வரின் குரல் வந்தது.

"விசாரணை அறிக்கை வந்ததும் அதை உங்க கையில நானே கொண்டுவந்து தர்றேன். இது என் பொறுப்பு."

"வேம்படித்துறைத் தொழிற்பேட்டையில மூணு வருஷத்துக்கு முன்னாடி நிலத்தடித் தொட்டியில இறங்கி விஷவாயு தாக்கி ஆறு பேர் செத்தாங்களே, அதுல ஒருத்தரோட மனைவிகிட்ட குரல் சொன்னது இது. அறிக்கை வந்து எட்டு மாசம் ஆச்சு, வெளியிடவே இல்ல. முதல்வர் அதை எடுத்துக்கிட்டு எப்போ வேம்படித்துறைக்குப் போறார்?" என்று கேட்டார் அந்தச் செய்தியாளர்.

"சரிபார்த்துட்டுச் சொல்றோம்," என்றாள் மங்கை. பதினோரு வருடத்தில் அவள் அதிகம் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

குரலை உருவாக்கிய நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் ஹபீபுல்லா மாடியில் ஒரு அறையில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிற மனிதர். அழைப்பைத் தேடி எடுத்தார்.

"ஜெபசெல்வி, வயசு முப்பத்தெட்டு. நாப்பத்தோரு நிமிஷம் பேசியிருக்காங்க மேடம். சராசரி மூணு நிமிஷம்தான்."

"குரல் எப்படி வாக்குக் கொடுக்கும்? கொடுக்காதுன்னுதானே சொன்னீங்க?"

"தானா கொடுக்காது. அவர் ஏற்கெனவே சொன்ன வாக்குறுதியை மட்டும்தான் திருப்பிச் சொல்லும். அப்படித்தான் கட்டியிருக்கோம்."

"அவர் இப்படிச் சொன்னதே இல்லையே. சொல்லியிருந்தா நான்தான எழுதியிருப்பேன்."

"எங்கிருந்தோ எடுத்திருக்கு. தேடிப் பாக்குறேன். ஒரு நாள் கொடுங்க."

அதற்குள் சட்டப் பிரிவிலிருந்து ஒரு படிவம் வந்துவிட்டது. புதிய தேர்தல் விதிப்படி, குரல் சொல்வது வேட்பாளரே சொன்னதாகத்தான் கொள்ளப்படும். நிறைவேற்றவில்லை என்று வழக்குப் போட்டால் வெற்றியே செல்லாமல் போகலாம். தப்பிக்க ஒரே வழி, கேட்டவர் எழுதிக் கொடுக்க வேண்டும். 'பேசியது இயந்திரம் என்பதை அறிவேன். அதன் சொல்லை வாக்குறுதியாகக் கொள்ளவில்லை.' இரண்டே வரி, கீழே கையெழுத்து.

"நீங்களே போயிட்டு வந்திடுங்க," என்று சொல்லிவிட்டார்கள். "பொம்பள பேசினா கேப்பாங்க."

மறுநாள் முற்பகல் தூத்துக்குடியில் இறங்கி, காரில் வேம்படித்துறை போய்ச் சேர்ந்தாள். உப்பளங்களைத் தாண்டி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஊர். ஜெபசெல்வி இறால் உரிக்கும் கம்பெனியில் காலை ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தன. ஓடு வேய்ந்த வீட்டின் முன்னறையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் அவள் கணவன் ஞானதுரையின் படம் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"கெவர்மெண்டுலருந்து வாரியளா?"

"முதல்வர் ஆபீஸ்ல இருந்து வர்றேம்மா. எம்பேரு மங்கையர்க்கரசி. அந்த போன் விஷயமா."

"ம்."

"அது முதல்வர் இல்ல. குரல். அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

ஜெபசெல்வி லேசாகச் சிரித்தாள். "தெரியாமலா? முதல்வரு எங்கிட்ட முக்கா மணி நேரம் பேசுவாராக்கும்? தெரிஞ்சுதான் பேசினேன்."

மங்கைக்கு வேலை சுலபமாக முடிந்துவிடும் போலிருந்தது. படிவத்தை எடுத்து நீட்டினாள். ஜெபசெல்வி எழுத்துக்கூட்டாமல் நிதானமாக வாசித்தாள். இரண்டு முறை வாசித்தாள்.

"மொத வரி சரி. ரெண்டாவது வரி சரியில்லையே."

"ஏம்மா?"

"வாக்குறுதியாக் கொள்ளலைன்னு போட்டிருக்கு. கொண்டேனே. இந்த மூணு வருசத்துல ஒரு அதிகாரி, ஒரு கட்சிக்காரன், ஒருத்தரும் 'அறிக்கைய உன் கையில தாரேன்'னு எங்கிட்ட சொல்லல. ஒரு மிசினு சொல்லிச்சு. நான் அத நம்பினேன். இப்ப நம்பலைன்னு பொய்யா எழுதிக் குடுக்கவா?"

"அறிக்கையில என்ன இருக்குன்னு தெரிஞ்சு என்னம்மா ஆகப்போகுது?" இப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று கேட்கும்போதே மங்கைக்குத் தெரிந்தது.

"அதுல எல்லாம் சொன்னேனே. நீங்க கேக்கலியா?"

"கடைசி ரெண்டு வரி மட்டும்தான் கேட்டேன்."

ஜெபசெல்வி படிவத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். கோபமெல்லாம் இல்லை. "முழுசாக் கேட்டுட்டு வாங்க. இன்னொருக்கா சொல்ல எனக்குத் தெம்பில்ல."

ஊருக்கு வெளியே ஒரு முள் உடைமரத்தடியில் காரை நிறுத்தச் சொல்லி, ஓட்டுநரை டீ குடிக்க அனுப்பிவிட்டு மங்கை அந்த நாற்பத்தோரு நிமிடத்தையும் கேட்டாள்.

குரல் முதலில் சாலை வசதி, குடிநீர் என்று வழக்கமாகத்தான் ஆரம்பித்தது. ஜெபசெல்வி, "நீங்க பேப்பர்ல போட்ட ஒரு விசயம் கேக்கணும்," என்றாள். "சொல்லுங்கம்மா," என்றது குரல். பிறகு வெகுநேரம் அவள்தான் பேசினாள். இடையிடையே "அப்புறம்?" என்ற ஒரு சொல் மட்டும் வந்தது, அவசரமில்லாமல்.

அன்று காலை ஞானதுரை கடற்கரைக்குப் போய் நெத்திலி வாங்கி வந்திருக்கிறான். நைந்துபோன மீன். அவள் சத்தம் போட்டிருக்கிறாள். அவனும் பதிலுக்குப் பேச, வாக்குவாதம் முற்றி, 'எங்கயாவது போய்த் தொலைங்க' என்று சொல்லிவிட்டாள். சாப்பிடாமல் வேலைக்குப் போனான். மத்தியானம் தகவல் வந்தது. மறுநாள் பேப்பரில் வந்தது: பாதுகாப்பு முகமூடி அணியாமல் அலட்சியமாகத் தொட்டிக்குள் இறங்கியதே காரணம்.

"அவுக எப்பவும் முகமூடிய மறக்க மாட்டாவ. அன்னைக்குத்தான் மறந்திருக்காவ. என்மேல உள்ள கோவத்துல எதுவும் ஞாபகமில்லாம எறங்கியிருக்காவ. நான் பேசினத எம் மக ஜென்சி கேட்டுக்கிட்டுத்தான் நின்னா. அப்ப அவளுக்குப் பதிமூணு வயசு. பேப்பர வாசிச்சுட்டு என்ன ஒரு பார்வை பாத்தா. இப்ப பாளையங்கோட்டையில ஆஸ்டல்ல இருக்கா. லீவுக்கு வந்தாலும் எங்கூடப் பேச்சு கெடையாது. அந்த அறிக்கையில அவுகளப் பத்தி என்ன போட்டிருக்குன்னு தெரிஞ்சா, என்னவா இருந்தாலும் சரி, எனக்கு அது போதும்."

பிறகு குரல் சொன்னது: "உங்க வீட்டுல விழுந்த இந்த இடிக்கு என்கிட்ட ஆறுதல் இல்ல. உண்மை என்னன்னு சொல்ல வேண்டிய கடமை இருக்கு. விசாரணை அறிக்கை வந்ததும் அதை உங்க கையில நானே கொண்டுவந்து தர்றேன். இது என் பொறுப்பு."

மங்கை நிறுத்தினாள். முன்வரிகளோடு சேர்த்துக் கேட்டபோதுதான் அந்த வாக்கியங்கள் அவளுக்கு அடையாளம் தெரிந்தன. அவள் தட்டச்சு செய்தவை. மூன்று வருடத்துக்கு முன், எதிரே தொலைக்காட்சியில் வெள்ளைத் துணி போர்த்திய ஆறு பேரைக் காட்டிக்கொண்டிருந்தபோது, பத்து நிமிடத்தில் எழுதியவை. முதல்வர் அச்சுப் பிரதியை வாசித்து, அந்தப் பத்தியைப் பேனாவால் அடித்தார். அந்த இடத்தில் ஆலைத் தரப்பு அனுப்பிய முகமூடி விஷயத்தைச் சேர்க்கச் சொன்னார்கள். 'என முதற்கட்டத் தகவல்கள் தெரிவிக்கின்றன' என்று ஒரு வாலை ஒட்டி அவள்தான் சேர்த்தாள். பேப்பர்காரர்கள் வாலை வெட்டிவிட்டுப் போட்டார்கள். அவர்கள் வெட்டுவார்கள் என்று அவளுக்கு அப்போதே தெரியும்.

ஹபீபுல்லாவை அழைத்தாள்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் மேடம். கண்டுபிடிச்சிட்டேன். உங்க கணினியில இருந்த ஒரு வரைவு."

"என்னோட வரைவு அதுக்குள்ள எப்படிப் போச்சு?"

"முதல்வர் தானா பேசினது ரொம்பக் கம்மி மேடம். பேச்சுப் பழக்க அது போதல. அதனால அலுவலகத்துல இருந்த பதினோரு வருஷக் கோப்பு மொத்தத்தையும் ஊட்டினோம். சத்தம்தான் அவரோடது. பேச்சு முழுக்க உங்களோடது."

"அதை அவர் அடிச்சிட்டாரே."

"காகிதத்துல அடிச்சார். கணினியில அது அப்படியேதான் இருக்கு. அடிச்சது எது, விட்டது எதுன்னு அதுக்குத் தெரியாது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "ஒண்ணு கவனிச்சேன். சனங்க ரொம்ப நேரம் பேசுற அழைப்பையெல்லாம் எடுத்துப் பாத்தா, பாதிக்கு மேல வெளிவராத வரைவுல இருக்குற வரிகள்தான். இன்னைக்குள்ள எல்லாத்தையும் அழிச்சிடச் சொல்லியிருக்காங்க."

முதல்வர் அன்று கோவில்பட்டியில் இருந்தார். மதியக் கூட்டம் முடிந்து ஒரு கட்சிக்காரர் வீட்டில் ஓய்வெடுக்கிறார் என்று கேட்டறிந்து அங்கே போனாள். எழுபத்தொரு வயது மனிதர் சட்டையைக் கழற்றிவிட்டு, காலை முக்காலியில் நீட்டி, பனங்கற்கண்டுப் பால் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு வாரமாகவே அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. மேடையில் வாயசைப்பார், ஒலிபெருக்கியில் குரல் பேசும். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு மட்டும் அது தெரியும்.

"கையெழுத்து வாங்கியாச்சா?" என்றார். காற்று மட்டும்தான் வந்தது.

"இல்லீங்கய்யா. அந்தம்மாவுக்கு அறிக்கையில ஒரே ஒரு பக்கம் போதும். நாப்பத்தேழாம் பக்கம். அவங்க வீட்டுக்காரர் முகமூடி போட்டுத்தான் இறங்கியிருக்கார்."

"தெரியும்."

"அந்த ஒரு பக்கத்தை மட்டும் காட்டிட்டு வந்திடுறேன்."

"முகமூடி போட்டிருந்தார்னா அப்புறம் ஏன் செத்தார்னு கேப்பாங்க. வடிகட்டி காலாவதின்னு வரும். யாரும் ஏன் சோதிக்கலைன்னு கேப்பாங்க. சோதனையே வேணாம்னு நம்ம போட்ட உத்தரவு வரும். ஒரு பக்கம்னு ஒண்ணு கிடையாதும்மா." பால் தம்ளரைக் கீழே வைத்தார். "தேர்தல் முடியட்டும். அறிக்கையை ஜூன்ல சபையில வெச்சிடலாம். நான் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லையே, மங்கை. அது எப்படி வந்தது?"

"நான் எழுதினதுங்கய்யா. நீங்க அடிச்சிட்டீங்க."

அவர் யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஏன் அடிச்சேன்?"

"'கொண்டுபோய்க் கொடுக்க முடியுமான்னு எனக்கே தெரியல, முடியாததைச் சொல்லக் கூடாது'ன்னு சொன்னீங்க."

"நல்ல காரணம்தான்," என்றார் முதல்வர். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. வெளியே அடுத்த கூட்டத்துக்கு வண்டி தயாராக நின்றது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். பொத்தான் போட விரல் ஒத்துழைக்கவில்லை. மங்கை பார்த்துக்கொண்டு நின்றாள். அவரை வெறுக்க முடிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

"கையெழுத்தை வாங்கிட்டு மெட்ராஸ் போயிடுங்க. ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க. ரொம்பக் களைச்சுப்போயிட்டீங்க."

"சரிங்கய்யா," என்றாள்.

காரில் ஏறியதும் எங்கே போக வேண்டும் என்று ஓட்டுநர் கேட்டார். வேம்படித்துறை என்றாள். துணிந்து எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது. இன்னொரு பொய்க்கு வாக்கியம் அமைக்கும் தெம்பு அவளிடம் மிச்சமில்லை, அவ்வளவுதான்.

நாலரை மணிக்கு ஜெபசெல்வி அதே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"முழுசாக் கேட்டேம்மா," என்று மங்கை ஆரம்பித்தாள். அலுவலகப் பிரதி இருந்த டேப்லெட்டில் நாற்பத்தேழாம் பக்கத்தை எடுத்தாள். "இது அந்த அறிக்கை. வாசிக்கிறேன். 'மீட்புப் படையினர் எடுத்த படங்களிலிருந்தும் உடற்கூறாய்வு அறிக்கையிலிருந்தும் தொழிலாளி ஞானதுரை முகமூடி அணிந்திருந்தது ஐயமின்றித் தெரிகிறது. முகமூடியின் வடிகட்டி காலாவதியாகி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.'"

ஜெபசெல்வி திரும்பி ஞானதுரையின் படத்தைப் பார்த்தாள்.

"போட்டிருந்தாவளா?"

"போட்டிருந்தார்."

"சரியாப் போட்டிருந்தாவளா? சும்மா கழுத்துல தொங்கவிட்டிருந்தாவளா?"

"முகமூடியோட ரெண்டு வாரும் பின்னால இறுக்கிக் கட்டியிருந்ததுன்னு அடுத்த வரியில இருக்கு. அவர் எதையும் மறக்கல. சோதிக்க வேண்டியவங்க சோதிக்கல."

"இது எப்பத்திலருந்து உங்களுக்குத் தெரியும்?"

"எட்டு மாசமா."

"காலையில இங்க உக்காந்திருக்கும்போதும் தெரியும்."

"தெரியும்."

"பேப்பர்ல போட்டாவளே, முகமூடி போடலைன்னு. அது யாரு எழுதினது?"

மங்கை தலையைக் குனிந்துகொள்ளவில்லை. "நான்தான். கம்பெனி சொன்னதை அப்படியே எழுதினேன். விசாரிக்கல."

ஜெபசெல்வி உள்ளே போனாள். தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவியிருப்பாள். திரும்பி வந்தபோது முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"உங்கள இந்த வாசல்ல நிக்க விடக் கூடாது நான். ஆனா இப்ப போவாதிய. எம் மவகிட்ட நீங்க பேசணும். நான் சொன்னா நம்ப மாட்டா. அஞ்சு மணிக்குத்தான் ஆஸ்டல்ல போன் குடுப்பாவ. இருங்க."

ஐந்து மணிவரை இருவரும் காத்திருந்தார்கள். இந்தக் காத்திருப்புக்குப் பிறகு என்னென்ன வரும் என்று மங்கைக்கு ஏறக்குறையத் தெரிந்தே இருந்தது, அவை அப்படியே வரவும் செய்தன. மூன்றாம் நாள் அவளை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவு வந்தது. அரசு ரகசியத்தை வெளியிட்டதாக வழக்கு வந்தது, இன்னும் நடக்கிறது. பொன்னுரங்கம் குறைந்த வித்தியாசத்தில் மறுபடி முதல்வரானார். ஜூனில் வைப்பதாகச் சொன்ன அறிக்கை அடுத்த ஜனவரியில் சபைக்கு வந்தது. மற்ற ஐந்து குடும்பங்களுக்கும் அதைப் பார்த்துத்தான் விவரம் தெரிந்தது. குரலிலிருந்து அவளுடைய வரைவுகளையெல்லாம் அழித்தார்கள். அதற்கப்புறம் யாரும் அதனுடன் நாலு நிமிடத்துக்கு மேல் பேசவில்லை என்று ஹபீபுல்லா பின்னொரு நாள் சொன்னார்.

ஐந்து அடித்ததும் ஜெபசெல்வி எண்ணைப் போட்டு, வார்டனிடம் மகளைக் கேட்டு, "ஜென்சி, ஒருத்தவங்க பேசணுமாம்," என்று மட்டும் சொல்லிப் போனை மங்கையிடம் கொடுத்தாள்.

"யாரு?" என்றாள் அந்தப் பெண்.

'முதல்வர் அலுவலகத்திலிருந்து' என்று வாய் தானாகத் திறந்தது. மங்கை அதை விழுங்கிக்கொண்டாள்.

"எம்பேரு மங்கையர்க்கரசிம்மா. உங்க அப்பாவைப் பத்திப் பேப்பர்ல வந்ததை எழுதினது நான். அது தப்பு. அதைச் சொல்லத்தான் பேசுறேன்."

மங்கை அறிக்கையை மெதுவாக வாசித்தாள். முகமூடியின் வார் இறுக்கியிருந்ததைச் சொல்லும் வரியை இரண்டு தரம் வாசித்தாள். "உங்க அப்பா அன்னைக்குக் கோபத்துல எதையும் மறக்கலம்மா. எல்லாத்தையும் ஒழுங்காத்தான் செஞ்சார்," என்றாள். தனக்குத் தெரியாத ஒன்றையும் அதில் சேர்க்கவில்லை.

விடுதியில் பின்னால் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒன்று. பிறகு அந்தப் பெண் கேட்டாள்.

"அம்மா பக்கத்துல இருக்காவளா?"

"இருக்காங்க."

"அம்மாட்ட குடுங்க."

மங்கை போனை ஜெபசெல்வியிடம் நீட்டிவிட்டு வெளியே வந்தாள். கடல் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்கவில்லை. கேட்டுவிடாதபடிக்கு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய், காரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.